இரண்டு ஷில்லிங் நாலு பென்சு

எங்கள் பாட்டியிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பிஸ்கட் வாங்கிய பெட்டி. மூடியில் இருந்த படம் தேய்ந்து, எது குதிரை, எது வண்டி என்று தெரியாமல் போய்விட்டது. லயத்து வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் அது எப்போதும் இருக்கும். பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது.

பாட்டி காலமான பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். நகை நட்டு ஒன்றும் இல்லை. சதுரமான செப்புக்காசு நாலைந்து, வாழைமரப் படம் போட்ட ஜப்பான்காரன் நோட்டு இரண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு காலணா, மடித்து மடித்துக் கிழிந்துபோன மணியார்டர் ரசீது ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், உழவன் எருமை பூட்டி ஏர் உழும் படம் போட்ட பழைய பத்து வெள்ளி நோட்டு ஒன்று.

"செல்லாத காசை எல்லாம் கிழவி எதற்குக் கட்டி வைத்திருந்தாள்?" என்று சித்தப்பா சிரித்தார். ஆனால் அந்தப் பத்து வெள்ளியின் கதை என் தாயாருக்குத் தெரியும். அதை அவர் சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கதை புரிய வேண்டுமானால், நம் தோட்டத்து வெள்ளிக்கும் லண்டன் பவுனுக்கும் தமிழ்நாட்டு ரூபாய்க்கும் இடையில் இருந்த முடிச்சை முதலில் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அந்த முடிச்சின் பெயர்தான் இரண்டு ஷில்லிங் நாலு பென்சு.

வெள்ளைக்காரன் வீட்டுக் கணக்கு

இந்த நாட்டை ஆண்ட ஆங்கிலேயர் தங்கள் சொந்த நாட்டில் வைத்திருந்த பணக்கணக்கு விசித்திரமானது. 12 பென்சு ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். ஆக, ஒரு பவுனுக்கு 240 பென்சு. ஒரு பென்னியை நாலாக உடைத்தால் ஒரு பார்த்திங். இரண்டு ஷில்லிங் நாணயம் புளோரின். இரண்டரை ஷில்லிங் நாணயம் அரைக் கிரவுன். இவை போதாதென்று 21 ஷில்லிங்கை ஒரு கினி என்று சொல்லிக் கொள்வார்கள். கினி நாணயம் அச்சடிப்பது நின்று நெடுங்காலம் ஆன பிறகும், பெரிய மனிதர்களின் கட்டணங்களைக் கினியில்தான் சொல்வார்கள்.

எழுதும்போது பவுனுக்கு 'எல்', ஷில்லிங்குக்கு 'எஸ்', பென்சுக்கு 'டி' என்று குறிப்பார்கள். பென்சு என்ற சொல்லில் 'டி' எங்கே இருக்கிறது என்று நாம் கேட்கலாம். அது ரோமாபுரியிலிருந்து வந்தது. ரோமானியரின் வெள்ளிக்காசுக்கு டினேரியஸ் என்று பெயர். அந்தப் பெயரின் முதல் எழுத்தே பென்சுக்கு அடையாளமாக நின்றுவிட்டது. அதே ரோமானிய வெள்ளிக்காசுகள் நம் கரூர், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் மண்ணைத் தோண்டும்போது கிடைத்திருக்கின்றன. மிளகுக்கும் மணிக்கும் விலையாக ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகத்துக்கு வந்த காசு அது!

ஒரு பவுன் எடை வெள்ளியில் 240 காசு அடிக்கலாம் என்ற பழைய வழக்கத்திலிருந்தே 240 பென்சு என்ற கணக்கு வந்தது. பன்னிரண்டும் இருபதும் கலந்த கூட்டல் சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவேதனைதான். ஆனாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலேயர் அதை விடவில்லை.

தம்பிடியும் அணாவும்

நம்மவர்கள் கப்பலேறி வந்தபோது இடுப்பு முடிச்சில் இருந்த காசும் எளிதான காசு அல்ல. 12 தம்பிடி ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. ஆனால் நம் பாட்டன் பாட்டிமாருக்கு அது சிரமமாகவே தோன்றவில்லை. காரணம் என்ன தெரியுமா? தமிழனின் பின்னக் கணக்கும் அணாக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்திப் போயின. எட்டணா என்றால் அரை. நாலணா என்றால் கால். இரண்டணா அரைக்கால். ஓரணா மாகாணி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் படித்த வாய்ப்பாடே கடைத்தெருக் கணக்கும் ஆயிற்று. பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள்.

கையில் தம்பிடி இல்லை, பதினாறணாவும் உண்மை என்றெல்லாம் பெரியவர்கள் பேசினார்களே, அந்தப் பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

மலாயாவில் மட்டும் நூறு காசு

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் ஆண்டும்கூட மலாயாக் கடைத்தெருவில் பவுனும் ஷில்லிங்கும் புழங்கவில்லை. இங்கே ஏற்கெனவே ஸ்பெயின் நாட்டு வெள்ளி நாணயமும் மெக்சிகோ நாட்டு வெள்ளி நாணயமும் வியாபாரிகள் கையில் ஓடிக் கொண்டிருந்தன. இன்று நாம் சொல்லும் ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பொருள் விளிம்பில் பல் பல்லாக வெட்டியது என்பதாகும். அந்த நாணயங்களின் விளிம்பைப் பார்த்து வந்த பெயர். நாம் 'வெள்ளி' என்று சொன்னதும் அந்த உலோகத்தை வைத்துத்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், 1855-இல், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றிலும் இந்திய ரூபாய் வழியைக் கொண்டுவரப் பார்த்தார்கள். வியாபாரிகள் ஒத்துக் கொள்ளவில்லை. 1867-இல் இந்த மூன்று ஊர்களும் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தபோது டாலரே சட்டப்படியான நாணயம் ஆயிற்று. ஒரு டாலருக்கு நூறு காசு. அதாவது, லண்டன்காரன் பன்னிரண்டும் இருபதுமாகக் கூட்டிக் கொண்டிருந்த காலத்திலேயே சிரம்பான் கடைத்தெருவில் காய்கறி வாங்கிய தோட்டத்துப் பெண், சுலபமான நூற்றுக் கணக்கில் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கினாள்!

சரி, அப்படியானால் பவுனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் முடிச்சு விழுகிறது.

வெள்ளி உலோகத்தின் விலை உலகச் சந்தையில் சரிந்து கொண்டே வந்தது. 1870-களில் 4 ஷில்லிங்குக்கு மேல் மதிப்பிருந்த டாலர், 1902 வாக்கில் 2 ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. எனவே 1903-இல் அரசாங்கம் சொந்தமாக ஒரு டாலர் அடித்து, 1906-இல் அதற்கு ஒரு நிலையான விலை வைத்தது. ஒரு டாலருக்கு 2 ஷில்லிங் 4 பென்சு. மூன்று டாலர் என்றால் 7 ஷில்லிங். அறுபது டாலர் என்றால் சரியாக 7 பவுன்.

அன்று போட்ட அந்த விலை, ஜப்பான்காரன் ஆண்ட காலம் நீங்கலாக, அறுபது ஆண்டுக்கு மேல் மாறவில்லை. நெகிரி செம்பிலானும் அப்போது கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்று. எனவே லிங்கி, லாபு, பகாவ், ரந்தாவ் தோட்டங்களில் சம்பள மேசையில் விழுந்த ஒவ்வொரு வெள்ளிக்கும் பின்னால் லண்டனில் 28 பென்சு நின்றது.

பால்வாளியும் பென்சும்

ரப்பரின் விலையையும் லண்டனில் ஒரு ராத்தலுக்கு இத்தனை ஷில்லிங், இத்தனை பென்சு என்றுதான் சொல்வார்கள். 1910-இல் ராத்தலுக்கு 12 ஷில்லிங்குக்கு மேல் போயிற்று. அந்த ஆண்டு கித்தாத் தோட்டக் கம்பெனிப் பங்குகளை லண்டன்காரர்கள் போட்டி போட்டுக் கொண்டு வாங்கினார்கள். நம் லிங்கியின் பெயரிலேயே ஒரு கம்பெனி லண்டனில் இருந்தது. பிறகு விலை விழுந்தது. 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்று போட்டு, ராத்தலுக்கு 1 ஷில்லிங் 3 பென்சாவது கிடைக்கட்டும் என்று ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். 1932-இலோ விலை 2 பென்சுக்கும் கீழே போய்விட்டது.

இந்த ஷில்லிங்கையும் பென்சையும் நம்மவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது ஏறி இறங்கியது லயத்து அடுப்பில் தெரிந்தது. 1920-களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி இருந்தது. மந்தம் வந்ததும் 1930-இல் அது 40 காசும் 32 காசுமாகக் குறைந்தது. பிரட்டுக்குப் போனவர்களில் பலருக்கு வேலையே இல்லை என்று சொல்லி, கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

ஊருக்கு அனுப்பிய பத்து வெள்ளி

இப்போது பாட்டியின் பெட்டியில் இருந்த மணியார்டர் ரசீதுக்கு வருவோம்.

சம்பளம் வாங்கியதும் கடைக்காரர் பாக்கி, கோயில் வரி, சீட்டுப் பணம் எல்லாம் போக, மிச்சம் பிடித்ததை ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே அது ரூபாயாக மாற வேண்டும். வெள்ளியும் பவுனைப் பிடித்துக் கொண்டு நின்றது. ரூபாயும் பவுனைப் பிடித்துக் கொண்டு நின்றது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் தரகராக நின்றது ஷில்லிங்குதான்.

1906-இல் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்சு, அதாவது 16 பென்சு. நம் வெள்ளிக்கு 28 பென்சு. வகுத்துப் பாருங்கள். ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 12 அணா. பத்து வெள்ளி அனுப்பினால், அனுப்பும் செலவு நீங்கலாக, 17 ரூபாய் 8 அணா ஊரில் கிடைக்கும்.

முதல் உலகப் போரின்போது ரூபாயின் விலை நிலையில்லாமல் ஆடியது. பிறகு 1927-இல் இந்திய அரசாங்கம் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்சு, அதாவது 18 பென்சு என்று சட்டம் செய்தது. அந்த விலை இந்தியாவின் விவசாயிக்கும் ஏற்றுமதிக்கும் கெடுதல் என்று இந்தியத் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். பயன் இல்லை. அதன் விளைவு நம் தோட்டத்திலும் தெரிந்தது. அதே பத்து வெள்ளிக்கு இப்போது 15 ரூபாய் 8 அணா 10 தம்பிடிதான். பால்வாளி அதே பால்வாளி. கூலி அதே கூலி. ஆனால் ஊரில் கஞ்சி குடிக்கும் தாய்க்குப் பழைய கணக்கைவிட ஏறக்குறைய 2 ரூபாய் குறைச்சல். மகன் ஏன் குறைத்து அனுப்புகிறான் என்று அந்தத் தாய் நினைத்திருக்க மாட்டாளா? மகன்தான் கடிதத்தில் என்ன எழுதியிருப்பான்? 16 பென்சு 18 பென்சு ஆன கதையை எழுத அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பைக் குறைத்தார்கள். அப்போது வெள்ளியும் ரூபாயும் பவுனோடு சேர்ந்தே இறங்கியதால் மணியார்டர் கணக்கில் மாற்றமில்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி இந்தியா அணாவை விட்டு, ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்குக்கு மாறியது. பிறகு 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பையே இந்தியா குறைத்தது. உடனே பத்து வெள்ளிக்கு 24 ரூபாய் 50 பைசா! ஊரில் இருந்தவர்களுக்கு விலைவாசி ஏறிய கவலை. இங்கிருந்து அனுப்பியவர்களுக்கோ பணம் பெருத்துவிட்டது போன்ற தோற்றம்.

வாழைமர நோட்டு

நடுவில் ஜப்பான்காரன் காலத்தையும் சொல்ல வேண்டும். 1942-க்குப் பிறகு அவர்கள் அச்சடித்த பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் அது வாழைமர நோட்டு ஆயிற்று. பின்னால் பணமாக எதுவும் இல்லாமல், அச்சு இயந்திரம் ஓடிய வேகத்தில் நோட்டு வந்தது. கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் அரிசி கிடைக்காத நாள் வந்தது. 1945-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது அந்த நோட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் சேமித்து வைத்தவர்களுக்கு மிஞ்சியது காகிதம்தான். பாட்டியின் பெட்டியில் இருந்த இரண்டு நோட்டும் அந்தப் பாடத்தின் மிச்சம்.

"வாழைமரத்தை நம்பாதே, ராசா படத்தை நம்பு" என்று அப்போது பாட்டி சொன்னாராம். ராசா படம் போட்ட நோட்டும் ஒருநாள் கையைக் கடிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

85 காசு ஆன வெள்ளி

1967 ஜூன் 12-ஆம் தேதி பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது. நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அந்த நோட்டுகளில் இருந்த படம் நம் நெகிரி செம்பிலான் அரசர், நாட்டின் முதல் பேரரசர் துவாங்கு அப்துல் ரகுமான் அவர்களின் படம். இன்று வரை நம் நோட்டில் இருப்பதும் அவர் முகமே.

பழைய நோட்டும் புதிய நோட்டும் ஒரே மதிப்பு என்று சொல்லி, இரண்டும் சேர்ந்தே புழங்கின. அவசரம் இல்லை, மெல்ல மாற்றிக் கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் இரண்டுக்கும் உள்ளே ஒரு வேறுபாடு இருந்தது. பழைய வெள்ளி, லண்டனில் வைத்த பவுன் முதலை நம்பி வெளியிடப்பட்டது. அதன் விலை 2 ஷில்லிங் 4 பென்சு. புதிய வெள்ளியின் மதிப்போ தங்கத்தைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது.

ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 18-ஆம் தேதி, பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை ஏழில் ஒரு பங்கு குறைத்தது. பவுனைப் பிடித்திருந்த பழைய வெள்ளியும் அதோடு இறங்கியது. புதிய வெள்ளி இறங்கவில்லை. அதனால் பழைய ஒரு வெள்ளி, புதிய 85 காசு ஆயிற்று. 28 பென்சில் ஏழில் ஒரு பங்கு எவ்வளவு? நாலு பென்சு! இரண்டு ஷில்லிங் நாலு பென்சில் அந்த நாலு பென்சு ஒரே இரவில் போய்விட்டது.

இதில் அடி வாங்கியவர்கள் யார்? பேங்கியில் கணக்கு வைத்து, சேதி தெரிந்து, முன்கூட்டியே மாற்றிக் கொண்டவர்கள் அல்ல. தலையணைக்குள்ளும் அரிசிப் பானைக்குள்ளும் தகரப்பெட்டிக்குள்ளும் பழைய நோட்டை வைத்திருந்த ஏழைகள்தான். பினாங்கில் நவம்பர் 24-ஆம் தேதி தொழிற்கட்சி கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. அது கலவரமாக மாறி உயிர்ச்சேதமும் ஆயிற்று. நாலு பென்சுக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

எங்கள் பாட்டியிடம் அப்போது பழைய நோட்டில் 130 வெள்ளி இருந்தது. அத்தையின் கல்யாணத்துக்காக, முட்டை விற்ற காசும் ஒட்டுப்பால் காசுமாகச் சேர்த்தது. சேதி கேட்டு, பஸ் பிடித்துப் பட்டணம் போய், நெடுநேரம் வரிசையில் நின்று மாற்றினார். 120 வெள்ளிக்கு 102 வெள்ளி கிடைத்தது. 18 வெள்ளி போயிற்று. அவர் கணக்கில் அது ஏறக்குறைய ஒரு வாரக் கூலி.

மீதிப் பத்து வெள்ளி நோட்டை அவர் நீட்டவில்லை. "இதையும் கொடு பாட்டி, எட்டரை வெள்ளி தருகிறோம்" என்றார்களாம். பாட்டி நோட்டைத் திருப்பி மடித்து இடுப்பில் செருகிக் கொண்டு சொன்னாராம்: "இதில் பத்து என்று போட்டிருக்கிறது. நான் பத்து வெள்ளிக்கு மரம் வெட்டினேன். எட்டரை வெள்ளிக்கு வெட்டவில்லை."

அத்தையின் கல்யாணம் நடந்தது. அந்தப் பத்து வெள்ளி பெட்டிக்குள் போய், பிறகு வெளியே வரவே இல்லை.

ஷில்லிங்குக்கும் விடை கொடுத்தார்கள்

இதற்கு நாலாண்டுக்குள், 1971 பிப்ரவரி 15-ஆம் தேதி, ஆங்கிலேயரும் பழைய கணக்குக்கு விடை கொடுத்தார்கள். ஒரு பவுனுக்கு நூறு புதிய பென்சு என்றாயிற்று. பார்த்திங் 1960 முடிவிலேயே போய்விட்டது. அரைக் கிரவுன் 1969-இல் போனது. ஆறு பென்சு நாணயம் மட்டும் இரண்டரைப் புதிய பென்சாக 1980 வரை தாக்குப் பிடித்தது. கடைக்காரன் இதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றிவிடுவானோ என்று அந்த ஊர்ப் பாட்டிமாரும் பயந்தார்களாம். பாட்டிமார் எந்த ஊரிலும் பாட்டிமார்தான்!

மலாயாவின் தோட்டத்துப் பிள்ளை பல்லாண்டுகளாகச் செய்து வந்த நூற்றுக் கணக்கை, ஆண்டவர்கள் 1971-இல்தான் கற்றுக் கொண்டார்கள். 1975-இல் நம் வெள்ளியும் ரிங்கிட் என்ற பெயரை முறைப்படி ஏற்றது. ஆனால் இன்றும் நம் வீடுகளில் "பத்து வெள்ளி கொடு" என்றுதானே கேட்கிறோம்?

நெகிரி செம்பிலானில் அந்தத் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. லயங்கள் பல இடங்களில் இல்லை. தகரப்பெட்டிகளோ இன்னும் சில வீடுகளில் இருக்கும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து திறந்து பாருங்கள். அந்தச் சதுரக்காசை நாணயக் கடைக்காரர் என்ன விலைக்கு எடுப்பார் என்று கேட்பது இருக்கட்டும். அதை எந்த மாதம், எத்தனை மரம் வெட்டி, யாருக்காகச் சேர்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் பாட்டியின் பத்து வெள்ளி இப்போது என்னிடம் இருக்கிறது. அதை நானும் மாற்றப் போவதில்லை.